எல்லை தாண்டி வாங்கும் பழைய கார்: வாசகர் கேள்வி பதில்

களியக்காவிளை, புளியரை, குமுளி, கோபாலபுரம் என்று கேரள எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து பழைய செடான் கார் வாங்குவது பற்றித் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. அடுத்த ஊரே அடுத்த மாநிலமாக இருப்பதால், இந்தப் பக்கத்தில் வண்டியைப் பார்க்கிற அளவுக்குக் காகிதத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த இதழில் அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில்.

கேள்வி: ஐயா, திருவனந்தபுரம் பக்கம் ஒரு வீட்டில் 2017 மாடல் ஹோண்டா சிட்டி பெட்ரோல் வண்டி விலைக்கு நிற்கிறது. ஓனர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். மொத்தம் 28,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைக்கிறோம் என்கிறார்கள். புதுசு மாதிரியே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: வாங்கலாம், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு. வளைகுடா ஓனர் வண்டிகளில் கிலோமீட்டர் குறைவாக இருப்பது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் கார் ஓடுவதால் மட்டும் தேய்வதில்லை, நிற்பதாலும் கெடும். அதுவும் வருஷத்தில் பாதி நாள் மழையும் ஈரமுமாக இருக்கும் ஊரில், போர்ட்டிகோவில் நிற்கும் வண்டிக்கென்றே சில கோளாறுகள் உண்டு.

முதலில் டயர். பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. கட்டை (தரையைத் தொடும் வரிப்பள்ளப் பகுதி) எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த டயரின் ரப்பர் இறுகிப்போயிருக்கும். மழையில் பிரேக் அடித்தால் வழுக்கும். ஒரே இடத்தில் நின்றதால் அடிப்பக்கம் தட்டையாகி, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கவும் செய்யும். நான்கும் பழைய டயர் என்றால் புது செட் விலையை அப்படியே பேரத்தில் கழித்துவிடுங்கள்.

அடுத்து பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் வீல் சிலிண்டரும் காலிப்பர் பிஸ்டனும் உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஹேண்ட் பிரேக் போட்டபடியே மாதக்கணக்கில் நிறுத்தியிருந்தால் பின்சக்கரத்தில் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும். ஜாக்கியில் தூக்கி ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள்; இறுக்கமில்லாமல் சுற்ற வேண்டும்.

"வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்கிறோம்" என்பதை ஒரு தகுதியாகச் சொல்கிறார்கள். பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அணைத்தால் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரிபொருள் எரிந்து உண்டாகும் தண்ணீர் சைலன்சருக்குள் தங்கி அதை உள்ளிருந்து அரிக்கும். கொஞ்சம் ஆயிலிலும் கலக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். மோர் நிறத்தில் பிசுக்கு இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. ஆயிலை மாற்றி நீண்ட தூரம் ஓட்டினால் அது போய்விட வேண்டும். போகாமல் திரும்ப வந்தால், அல்லது கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகட்டை) சந்தேகிக்க வேண்டும். அந்த வண்டி வேண்டாம்.

எலி இன்னொரு பெரிய தொல்லை. பானெட்டுக்கு அடியிலுள்ள துணி உறை, ஒயரிங், டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னாலுள்ள ஏ.சி. ஃபில்டர் மூன்றையும் பாருங்கள். ஃபில்டரைக் கழற்ற ஐந்து நிமிடம் போதும். புழுக்கையோ பஞ்சோ இருந்தால் ஒயரிங் முழுவதையும் ஒரு எலக்ட்ரீஷியன் பார்த்தாக வேண்டும். ஏ.சி.யை அதிக நாள் போடாததால் கம்ப்ரஸரின் சீல் காய்ந்து கேஸ் கசிந்திருக்கலாம். "கேஸ் மட்டும் ஏற்றினால் போதும்" என்பார்கள். கேஸ் தானாகத் தீர்ந்துபோகும் பொருளில்லை. எங்கோ கசிகிறது என்றுதான் பொருள்.

ஆட்டோமேட்டிக் வண்டியானால் சி.வி.டி. எனப்படும் அதன் கியர்பாக்ஸின் ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். சிட்டியின் சில ஆண்டு மாடல்களுக்கு தகாட்டா என்ற கம்பெனி செய்த குறையுள்ள ஏர்பேக்கையும் பெட்ரோல் பம்பையும் நிறுவனமே இலவசமாக மாற்றித் தந்தது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் இந்த வண்டி அதில் வருகிறதா, வேலை முடிந்ததா என்று சர்வீஸ் சென்டரில் சொல்வார்கள். அங்கேயே சர்வீஸ் ஹிஸ்டரியையும் ஓனர் மூலம் கேட்டு வாங்குங்கள். 28,000 உண்மையா என்பதற்கு மீட்டரைவிட அதுதான் சாட்சி. ஆயில் மாற்றம் கிலோமீட்டருக்கு மட்டுமல்ல, வருஷத்துக்கும் கணக்கு. இடையில் மூன்று வருஷம் சர்வீஸே இல்லையென்றால் அந்த எஞ்சின் பழைய ஆயிலில் ஊறிக் கிடந்திருக்கிறது.

கடைசியாக, ஓனர் ஊரில் இல்லை என்பதைச் சாதாரணமாக விடாதீர்கள். ஆன்லைன் விண்ணப்பத்துக்கான ஓ.டி.பி. அவர் பதிவு செய்த மொபைலுக்குத்தான் போகும். அந்த எண் இப்போது வேலை செய்கிறதா, ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) உள்ள பெயரும் ஆதாரும் ஒத்துப்போகிறதா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பாருங்கள். தம்பியோ மாமனாரோ அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டால் செல்லாது. இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் இருந்தாலும், அதை ஏற்பார்களா என்று அந்த ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் லீவில் வரும் வரை காத்திருக்க முடிந்தால் அதுவே நல்லது.

கேள்வி: புனலூரில் ஒரு டிசையர் பேசி முடிக்கப் போகிறேன். என்.ஓ.சி. (வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று) வாங்குவது முதல் தமிழ்நாட்டு எண் வாங்குவது வரை என்ன வரிசை? கே.எல். எண்ணிலேயே ஓட்டினால் என்ன?
— வாசகர், செங்கோட்டை

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் இருந்தால் புதுப் பதிவு எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவு. இந்த 12 மாதம் பதிவு எண்ணுக்கான கெடு மட்டுமே. வரி மாநிலத்தின் விஷயம், அது தனி. பெயர் மாற்றமும் தனி: வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். "ஒரு வருஷம் டைம் இருக்கு" என்று புரோக்கர் சொல்வது இந்த மூன்றையும் போட்டுக் குழப்புவதால் வருவது.

இனி வரிசை. வாகன் தளத்தில் அல்லது எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு ஓனர் வரிசை எண், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, கடன் பதிவு ஆகியவற்றைப் பாருங்கள். இ-செல்லான் தளத்தில் அபராத பாக்கியைத் தனியாகப் பாருங்கள். கேரளத்தில் 2023 ஜூன் முதல் ஏ.ஐ. கேமராக்கள் அபராதம் போடுகின்றன. ஓனருக்கே தெரியாமல் பாக்கி சேர்ந்திருக்கும். அது தீராமல் என்.ஓ.சி. நகராது. கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கொடுத்து ஹெச்.பி. (ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவு) கேன்சல் செய்வதை விற்பவர் முடிக்க வேண்டும். கடன் கட்டி முடித்து வருஷங்கள் ஆகியும் ஆர்.சி.யில் ஹெச்.பி. அப்படியே நிற்கும் வண்டிகள் நிறைய உண்டு.

பிறகு படிவம் 28-ல் என்.ஓ.சி.க்கு விண்ணப்பம். சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரிண்ட், ஆர்.சி., நடப்பு இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, வரி கட்டிய விவரம் தேவைப்படும். வண்டி திருட்டு வழக்கில் இல்லை என்பதற்கான சான்றும் கேட்பார்கள். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. என்.ஓ.சி. எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு என்று பெயர் குறித்துத்தான் தருவார்கள். உங்கள் முகவரி தென்காசி எல்லைக்குள் வருகிறது என்றால் தென்காசிக்கு (டி.என். 76) என்றே இருக்க வேண்டும். "திருநெல்வேலி" என்று புரோக்கர் எழுதிவிட்டால் திரும்பப் புனலூருக்கு அலைய வேண்டியதுதான். என்.ஓ.சி. ஆகிவிட்டால் பழைய ஆபீஸில் அந்த வண்டிக்கு வேறு வேலை எதுவும் நடக்காது. அதனால் விலை பேசி எழுதிக்கொண்ட பிறகே விண்ணப்பிக்க வேண்டும்.

அதோடு படிவம் 29-ல் இரண்டு பிரதி, படிவம் 30 ஆகியவற்றில் விற்பவரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். தேதியும் வாங்குபவர் பெயரும் இல்லாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதும் கொடுப்பதும் ஆபத்து. தமிழ்நாட்டுப் பக்கம் வந்ததும் படிவம் 27-ல் புது எண்ணுக்கு விண்ணப்பம், வரி, இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்ப்பது, புது எண், அதற்குரிய உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் என்று போகும்.

பணத்தில் எல்லாரும் தவறவிடுவது இந்த வரியைத்தான். தமிழ்நாட்டில் நீங்கள் கட்டும் வரி, நீங்கள் பேசி வாங்கிய விலையை வைத்து இல்லை. வண்டியின் அசல் விலையையும் வயதையும் வைத்து. ஆகவே பேரம் பேசும் முன்பே ஆர்.சி. நகலோடு தென்காசி ஆபீஸில் தொகையைக் கேட்டுவிட்டு, அதைக் கார் விலையோடு கூட்டிப் பாருங்கள். உள்ளூர் டி.என். வண்டியைவிட அப்போதும் மலிவாக இருந்தால் மட்டும் எல்லை தாண்டுங்கள். கேரளத்தில் 15 வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்குத் திரும்பக் கேட்கலாம். இங்கே வரி கட்டிய ரசீதும் புது ஆர்.சி.யும் வேண்டும். அந்தத் தொகை யாருக்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தினமும் டவுனுக்குள் 20 கிலோமீட்டர், எப்போதாவது பாலக்காடு. டீசல் எட்டியோஸ் நல்லதா, பெட்ரோல் டிசையர் நல்லதா?
— வாசகி, பொள்ளாச்சி

பதில்: பெட்ரோல். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருஷத்துக்குச் சுமார் 6,000 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டருக்கு 15 கொடுத்தால் 400 லிட்டர். டீசல் 20 கொடுத்தால் 300 லிட்டர். பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் 40,000-க்கும் 27,600-க்கும் உள்ள வித்தியாசம் 12,400. பழைய டீசலில் இன்ஜெக்டர், டர்போ, கிளட்ச் மூன்றில் ஒன்று கையை விரித்தாலே சில வருஷ மிச்சம் ஒரே நாளில் போய்விடும். பி.எஸ். 6 என்ற புதிய புகை விதிப்படி வந்த டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி வேறு இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஓடிச் சூடானால்தான் அதிலுள்ள கரி எரியும். டவுன் ஓட்டத்தில் அடைத்துக்கொள்ளும்.

எட்டியோஸ் உழைக்கும் வண்டிதான், 2020-ல் உற்பத்தி நின்ற பிறகும் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் எட்டியோஸிலும் டிசையரிலும் டாக்ஸியாக ஓடிப் பிறகு சொந்த வண்டியாக மாற்றியவை நிறைய. நம்பர் பிளேட் திருகுகளின் பின்னால் மஞ்சள் பெயிண்ட், டேஷ்போர்டில் மீட்டர் பொருத்திய துளை, பெடல் ரப்பரில் தேய்மானம், பின்சீட் கதவின் கைப்பிடி வழுவழுப்பு இவற்றைப் பாருங்கள். ஆர்.டி.ஓ. பதிவு வரலாற்றில் மாற்றம் தெரியும்.

கேள்வி: குமுளி மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்து வாங்க நினைக்கிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
— வாசகர், கம்பம்

பதில்: நல்ல யோசனை. சமதரையில் மறைகிற கோளாறு மலையில் மறையாது. நீங்கள் போவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். பானெட்டைத் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் முதல் ஸ்டார்ட்டின் சத்தமும் புகையும்தான் உண்மை பேசும்.

லோயர் கேம்ப்பிலிருந்து நான்கு பேரோடு, ஏ.சி. போட்டுக்கொண்டு ஏறுங்கள். மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது எஞ்சின் சுற்று ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டினால் ரேடியேட்டர், ஃபேன், தெர்மோஸ்டாட் மூன்றில் ஒன்று சரியில்லை. கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது "டக் டக்" என்று கேட்டால் ஆக்சில் ஜாயின்ட். பள்ளத்தில் இறங்கும்போது "கொடக்" என்றால் லோயர் ஆர்ம் புஷ் அல்லது லிங்க் ராடு; இது சின்னச் செலவு, இதற்காக வண்டியைத் தள்ள வேண்டாம்.

இறங்கும்போதுதான் முக்கியமான சோதனை. இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கொஞ்ச தூரம் இறங்குங்கள். கியர் தானாக நழுவினால் கியர்பாக்ஸ் தேய்ந்திருக்கிறது. பிறகு சட்டென்று ஆக்சிலேட்டரை அழுத்துங்கள், பின்சீட்டில் இருப்பவர் பின்கண்ணாடி வழியே பார்க்கட்டும். நீலப் புகை ஒரு கொத்தாக வந்தால் வால்வு சீல் போயிருக்கிறது. ஏறும்போதும் விடாமல் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங், அது எஞ்சினைப் பிரிக்கும் வேலை. பிரேக் மிதிக்கும்போது பெடல் காலில் அதிர்ந்தால் டிஸ்க் கோணியிருக்கிறது. பெடல் மெத்தென்று உள்ளே போய்க்கொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள்; அந்த வண்டியை யாரும் ஓட்டி இறக்க வேண்டாம், டோ செய்து கொண்டுவரட்டும்.

கேள்வி: வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், தென்காசி

பதில்: 2015 டிசம்பரில் சென்னை, 2018 ஆகஸ்டில் கேரளம், 2023 டிசம்பரில் சென்னையும் பின்னர் தூத்துக்குடி, திருநெல்வேலியும் என்று நம்மைச் சுற்றி நான்கு பக்கமும் வெள்ளம் வந்திருக்கிறது. மூழ்கிய வண்டியைப் பற்றி அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்பதால் அது வேறு ஊரில்தான் விலைக்கு வரும்.

உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் எச்சரிக்கையாகுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவுவார்கள். சுருளுக்குள் இருக்கும் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு நிற்கும். சீட்டுக்கு அடியிலுள்ள தண்டவாளத் திருகுகள், பெடலுக்கு மேலுள்ள ஸ்பிரிங்குகள், டிக்கியில் ஸ்டெப்னி குழி ஆகிய இடங்களில் துருவும் வண்டலும் தேடுங்கள். சீட் திருகில் ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் கார்ப்பெட்டைக் கழற்றிக் காயவைத்திருக்கிறார்கள். ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள்.

எஞ்சினுக்குள் தண்ணீர் போகாவிட்டாலும் தரையளவு தண்ணீரே போதும். ஏர்பேக் கண்ட்ரோல் யூனிட் பல வண்டிகளில் கியர் லீவருக்கு அடியில், தரையை ஒட்டி இருக்கிறது. ஒயரிங் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு பிடித்து, ஒரு வருஷம் கழித்து ஒவ்வொன்றாக நின்றுபோகும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக், ஏ.பி.எஸ்., எஞ்சின் விளக்குகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். ஸ்கேனர் போட்டுப் பார்க்கும் மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கிளெய்ம் விவரத்தை ஓனர் மூலம் கேளுங்கள். கேட்டு வாங்கித் தர அவர் மறுத்தால் அதுவே பதில்.

கேள்வி: முழுக்கப் பெயிண்ட் அடித்த வண்டியை வாங்கவே கூடாதா?
— வாசகர், குழித்துறை

பதில்: பம்பரும் கதவும் கீறல் விழுந்து பெயிண்ட் ஆனால் குற்றமில்லை. எலும்புக்கூடு அடிபட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. கம்பெனி பெயிண்ட் பொதுவாக 90 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். அளக்கும் கருவியில் 300-க்கு மேல் காட்டினால் அடியில் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) இருக்கிறது. பானெட்டைத் திறந்து இரு பக்க ஏப்ரானையும் (சக்கரத்துக்கு மேலுள்ள உள்தகட்டையும்), எஞ்சின் உட்காரும் சேஸிஸ் லெக்கையும், டிக்கி தரையையும் பாருங்கள். கம்பெனி வெல்டிங் சீரான இடைவெளியில் வட்டப் புள்ளிகளாக இருக்கும். டிங்கர் வைத்த வெல்டிங் கோணல்மாணலாக இருக்கும். கதவு ரப்பரை இழுத்துப் பில்லரின் (கூரையைத் தாங்கும் தூணின்) விளிம்பைத் தடவிப் பாருங்கள். பில்லரும் சேஸிஸ் லெக்கும் வெட்டி ஒட்டிய வண்டி என்ன விலைக்கு வந்தாலும் குடும்பத்துக்கு வேண்டாம். எஞ்சினை மாற்றலாம், மோதும்போது காப்பாற்ற வேண்டிய கூட்டை மறுபடி பழைய பலத்துக்குக் கொண்டுவர முடியாது. கடலோரத்து வண்டியானால் கீழே படுத்து, கதவுக்கு அடியில் ‘சில்’ எனப்படும் படித்தகட்டில் துரு இருக்கிறதா என்று திருப்புளியால் குத்தியும் பாருங்கள்.

கேள்வி: பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கு இன்ஷூரன்ஸ் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) எனக்குக் கிடைக்குமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: கிடைக்காது. அது ஆளுக்கு உரியது, வண்டிக்கு அல்ல. பாலிசியை மட்டும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். அதற்குப் பிறகு எதிராளிக்கான பாதுகாப்பு தொடர்ந்தாலும், உங்கள் வண்டியின் சேதத்துக்குப் பணம் வராது.

கேள்வி: போன வருஷம் என் காரை ஒரு புரோக்கர் மூலம் கேரளத்துக்கு விற்றேன். இன்னும் என் பெயரிலேயே அபராதம் வருகிறது. என்ன செய்ய?
— வாசகர், கோபாலபுரம்

பதில்: உடனே செய்ய வேண்டிய வேலை இது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. இடையில் எத்தனை கை மாறினாலும் அப்படித்தான். விற்றவருக்கும் கடமை உண்டு: அதே மாநிலம் என்றால் 14 நாளுக்குள், வெளி மாநிலம் என்றால் 45 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும்.

விற்ற ரசீது, பணம் வந்த வங்கிக் கணக்கு, வாங்கியவரின் அடையாள நகல் ஆகியவற்றோடு உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுத்து மூலம் கொடுத்து முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அப்படியே. வாங்கியவருக்குப் பதிவுத் தபாலில் கெடு வைத்துக் கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது பெறுங்கள்.

அடுத்த முறை விற்கும்போது, அங்கீகாரம் பெற்ற டீலராகப் பார்த்துக் கொடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள விதிப்படி, அப்படிப்பட்ட டீலரிடம் வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் ஆர்.டி.ஓ. தளத்தில் பதிவு செய்யலாம். அதன்பின் வண்டிக்கு அவரே பொறுப்பு. தனி ஆளிடம் விற்றால், சாவி கொடுத்த தேதியும் மணியும் மீட்டர் அளவும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஒப்படைப்புச் சீட்டு ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும்.